டீசலை அளப்பது இரும்பா, கணினியா? பழைய கம்மின்ஸ் பிக்அப் வாங்கப்போகிறவர்களுக்கு

பானட்டைத் தூக்கி ஓட்டுநர் பக்கம் பாருங்கள். அமெரிக்காவில் பழைய டாட்ஜ் ராம் பிக்அப் ஒன்றை விலைபேசப் போனால் நான் செய்கிற முதல் வேலை அதுதான். வண்டிக்காரர் மைலேஜ் சொல்வார், புது டயர் என்பார், எத்தனை டன் இழுத்தேன் என்பார். அதெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இந்த எஞ்சினில் டீசலை அளந்து கொடுப்பது யார் என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பழுது பார்க்கும் முறை, செலவு, எவ்வளவு சக்தி ஏற்றலாம், எந்தக் கருவி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே இருக்கும்.

இதைக் கற்றுக்கொள்ள கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டீசலைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியவில்லை. 1989 மாடலிலிருந்து 2007 வரை டாட்ஜ் பிக்அப்பில் இதே ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் வந்தது. அந்த ஒரே எஞ்சினில் டீசல் கொடுக்கும் முறை மூன்று தடவை மாறி, நான்கு வகை வந்திருக்கிறது.

எந்த பம்ப் என்று அடையாளம் காணுங்கள்

எஞ்சின் மேலே ஆறு தனித்தனி ராக்கர் கவர் இருந்தால் அது 12 வால்வு. ஒரே நீளக் கவராக இருந்தால் 24 வால்வு. அடுத்து இடப்பக்கம் குனிந்து பாருங்கள். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கம் அதுதான்.

நீளவாட்டில் ஒரு கனமான பெட்டி, அதன் தலையில் ஒரே வரிசையில் ஆறு இரும்புக் குழாய் என்றால் அது பாஷ் பி7100. 1994 முதல் 1998 முன்பாதி வரை வந்தது. எல்லோரும் ‘பி-பம்ப்’ என்பார்கள். நம் ஊர் லாரிப் பட்டறையில் நின்றவர்களுக்கு இந்த உருவம் புதிதில்லை. பெங்களூர் மைக்கோ, பாஷ் உரிமத்தில் செய்த இன்லைன் பம்பின் அதே குடும்பம்தான், உடம்பு மட்டும் பெரிது.

12 வால்வு எஞ்சினில் உருண்டையான சின்ன பம்ப் இருந்து, குழாய்கள் அதன் பின்பக்கத்திலிருந்து வட்டமாகக் கிளம்பினால் அது 1989 முதல் 1993 வரை வந்த விஇ பம்ப். இதுவும் முழுக்க மெக்கானிக்கல்; ஆனால் சக்தி ஏற்ற அதிக இடம் தராது. அதே மாதிரி உருண்டை பம்ப் 24 வால்வு எஞ்சினில் இருந்தால் விபி44. 1998 பின்பாதியிலிருந்து 2002 வரை. இதன் தலையிலேயே ஒரு கணினிப் பலகை உட்கார்ந்திருக்கும். எஞ்சின் மேல்பக்கம் நீளமாக ஒரு தடித்த உருளைக் குழாய் ஓடி, அதிலிருந்து ஆறு குட்டைக் குழாய்கள் பிரிந்தால் அது காமன் ரெயில்; அந்தத் தடித்த குழாய்தான் ரெயில். 2003 முதல் இதுதான்.

ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக் இந்த வரிசையில் சேராத தனி வழி. அங்கே இன்ஜெக்டரை அழுத்துவது எஞ்சின் ஆயில்; எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்வது கணினி. அதை வாங்குகிறவர்கள் ஆயிலின் தரத்தையும் அளவையும் டீசலுக்குச் சமமாகக் கவனிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பி-பம்ப் எப்படி முடிவெடுக்கிறது

ஒரு சிலிண்டருக்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: எவ்வளவு டீசல், எந்த நேரத்தில், எந்த அழுத்தத்தில். பி-பம்பில் இந்த மூன்றும் இரும்பில் வெட்டப்பட்டிருக்கின்றன.

பம்புக்குள் ஒரு கேம் ஷாஃப்ட், அதன்மேல் டீசலை அழுத்தித் தள்ளும் ஆறு தண்டுகள்; அவைதான் பிளஞ்சர். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. பிளஞ்சர் ஏறி இறங்கும் தூரம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் அதன் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ராக் என்கிற பற்சட்டம் நகர்ந்தால் ஆறு பிளஞ்சரும் ஒன்றாகத் திரும்பும். திரும்பும் அளவைப் பொறுத்து, அந்தச் சாய்வு வெட்டு, பிளஞ்சர் ஓடும் குழலான பேரலில் உள்ள துளையைச் சீக்கிரமோ தாமதமோ திறந்துவிடும். துளை திறந்த கணத்தில் அழுத்தம் விழுந்து டீசல் நின்றுவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் வழியாக இந்த ராக்தான் நகர்கிறது. டர்போவின் காற்றழுத்தம் வரும்வரை ராக் முழுவதும் போகாமல் பிடித்து வைக்க ஒரு டயாஃப்ரம் உண்டு. அதன் பெயர் ஏ.எஃப்.சி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் கறுப்புப் புகைதான்.

அளவை மாற்ற இத்தனை ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நேரத்தை ஓட்டத்தில் மாற்ற இந்த பம்பில் எதுவும் இல்லை. கியரைப் பூட்டும்போது வைத்த டிகிரியில்தான் 800 சுற்றிலும் 2,800 சுற்றிலும் ஓடும். எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியைப் பன்னிரண்டாயிரமாக வெட்டியதில் ஒரு துண்டு. சுற்று ஏற ஏற டீசல் எரிவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. இன்னும் முன்னதாகவே தெளிக்க வேண்டும். பி-பம்பால் அது முடியாது. ஒரு சமரச டிகிரியைத் தேர்ந்தெடுத்து அதோடு வாழவேண்டும். அழுத்தமும் அப்படித்தான்: எஞ்சின் வேகம் குறைந்தால் அதுவும் குறையும்.

இத்தனை குறை சொன்னாலும் இந்த பம்ப்பின்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. எஞ்சின் ஓட அதற்கு வேண்டிய மின்சாரம் எரிபொருளை நிறுத்தும் ஒரு சோலனாய்டுக்கு மட்டும்தான். அதுவும் நடுவழியில் போய்விட்டால், பம்பின் பக்கவாட்டில் இருக்கும் லீவரை மேலே தூக்கி ஒரு கம்பியால் கட்டினால் வண்டி வீடு வந்து சேரும். நிறுத்தும்போது கம்பியை அவிழ்த்து லீவரைக் கீழே தள்ள வேண்டும். சாவிக்கு எஞ்சின் நிற்காது என்பதை மறந்துவிடக் கூடாது.

கணினி எப்படி முடிவெடுக்கிறது

காமன் ரெயிலில் பம்பின் வேலை அழுத்தத்தை உண்டாக்குவது மட்டும். 2003 கம்மின்ஸில் வந்த சிபி3 பம்ப் ரெயிலில் 1,600 பார் வரை ஏற்றி வைக்கும். கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். அந்த அழுத்தம் எஞ்சின் வேகத்தைப் பார்த்து நிற்பதில்லை. தேவைப்பட்டால் குறைந்த சுற்றிலும் ஏற்றிக்கொள்ளலாம். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதைக் கிராங்க் சென்சார், கேம் சென்சார், காற்றழுத்த சென்சார், ரெயில் அழுத்த சென்சார் எல்லாவற்றையும் பார்த்து எஞ்சின் கணினியான ஈ.சி.எம். சொல்லும். இன்ஜெக்டரின் மின்வால்வு அதன்படி திறக்கும். முதலில் சொட்டாகக் கொஞ்சம், பிறகு முழு அளவு என்று ஒரே எரிதலுக்குள் இரண்டு மூன்று தடவை தெளிக்கவும் முடியும். 12 வால்வின் ‘கடகட’ சத்தம் 2003க்குப் பிறகு அடங்கியதற்குக் காரணம் அந்த முதல் சொட்டுதான்.

கணக்கிலும் இது தெரியும். 1996 முதல் 98 வரை கையால் போடும் (மேனுவல்) கியர் வண்டியில் பி-பம்ப் எஞ்சின் 215 குதிரைத்திறன், 440 பவுண்ட்-அடி முறுக்குவிசை. அதே 5.9 லிட்டர் 2004 நடுவில் 325 குதிரைத்திறன், 600 பவுண்ட்-அடி. புகையும் குறைவு.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது பழுதாகும் விதத்தில் இருக்கும் வேறுபாட்டை. பி-பம்பில் ஒரு நாசில் கெட்டு ஒழுகினாலும், அந்த சிலிண்டருக்குப் பிளஞ்சர் அளந்து அனுப்பிய டீசல் மட்டுமே போகும். காமன் ரெயிலில் இன்ஜெக்டருக்குப் பின்னால் ரெயில் முழுவதும் எப்போதும் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. ஊசி மூடாமல் சிக்கிக்கொண்டால் ரெயில் அந்த ஒரு சிலிண்டருக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். ‘லேசாகத் தட்டுகிறது, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று பி-பம்பில் ஓட்டிவிடலாம். காமன் ரெயிலில் உடனே நிறுத்த வேண்டும்.

வாங்குவதற்கு முன் எஞ்சினைச் சோதிப்பது

எந்த வகையானாலும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பி-பம்ப் வண்டியில் முதலில் பம்பின் உடம்பையும் குழாய் நட்டுகளையும் துணியால் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து எங்கே ஈரம் தெரிகிறது என்று பாருங்கள். தொட்டியிலிருந்து டீசலைக் கொண்டுவரும், எஞ்சின் கேமால் ஓடும் லிஃப்ட் பம்ப் 2,500 சுற்றில் 25 பி.எஸ்.ஐ. அளவில் கொடுக்க வேண்டும். அடுத்து, முன்பக்க டைமிங் கியர் பெட்டியில் இருக்கும் ஒரு எஃகு முளையைப் பற்றிக் கேளுங்கள். ‘கில்லர் டோவல் பின்’ என்று அதற்குப் பெயர். அதிர்வில் மெல்ல வெளியே வந்து கியர்களுக்குள் விழுந்துவிடும். பெட்டி உடையும், சில நேரம் எஞ்சினே போய்விடும். அதைத் தடுக்கும் சின்னத் தகடு போட்டிருக்கிறதா என்று கேட்டு, ரசீது இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் வாங்கியவுடன் செய்யும் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

விபி44 வண்டியில் ஒரே ஒரு அளவீடு போதும்: லிஃப்ட் பம்பின் அழுத்தம், அதுவும் ஏற்றத்தில் முழு மிதியில். அந்த பம்ப்பின் உள்பாகங்களைக் குளிரவைப்பதும் வழுவழுப்பாக வைப்பதும் அதற்குள் ஓடும் டீசல்தான். வரத்துக் குறைந்தால் பம்ப் உள்ளேயே தேயும், தலையில் இருக்கும் மின்பலகையும் சூட்டில் போகும். 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே முள் இறங்கினால், அந்த பம்ப் எத்தனை நாள் அப்படி ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேனரில் பி0216 என்ற பழுதுக் குறியீடு வந்திருந்தால் பம்ப் மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். பிளாக்கின் பக்கத்தில் 53 என்று வார்ப்பு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வார்ப்புகள் பக்கச் சுவரில் விரிசல் விடுவதற்குப் பெயர் போனவை.

காமன் ரெயில் வண்டிக்கு ஸ்கேனர் இல்லாமல் போகாதீர்கள். கணினி கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் ஒட்டி ஓடவேண்டும். ஏற்றத்தில் உண்மை அழுத்தம் பின்தங்கினால் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர்கள் திரும்பும் வழியில் அதிகம் கசியலாம், ஃபில்டரே அடைத்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். ஆயில் அளவு கோட்டுக்கு மேலே இருந்து டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டர் வேலை காத்திருக்கிறது.

வேறு கம்பெனி வண்டியோ புது ராமோ பார்க்கிறீர்கள் என்றால் சிபி4 என்ற பம்ப்பின் பெயரை நினைவில் வையுங்கள். அது உள்ளே உரசித் தேய்ந்தால் உலோகத் தூள் ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். மொத்தத்தையும் மாற்ற வேண்டும். 2019, 2020 ராம் வண்டிகளில் அதைப் போட்டு, திரும்பப் பெற்று, 2021 மாடலில் மறுபடி சிபி3க்கே வந்தார்கள்.

ஏர் எடுப்பது

ஃபில்டர் மாற்றினால் இரண்டிலும் காற்று புகும். பி-பம்ப் வண்டியில் லிஃப்ட் பம்ப் மேல் ஒரு ரப்பர் பட்டன் இருக்கும்; அது கெட்டியாகும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒன்றிரண்டு இன்ஜெக்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கிராங்க் செய்து, நுரை போய் டீசல் வந்ததும் இறுக்கலாம்.

காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும்போது எந்த நட்டையும் தொடக் கூடாது. எங்கே கசிகிறது என்று விரலை வைத்துப் பார்க்கவும் கூடாது; ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். 1,600 பார் அழுத்தத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத கீற்று தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்திவிடும். வெளியே பார்க்க முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூட உடனே இருக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். அப்படி நடந்தால் கட்டுப்போட்டுக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள்; நேராக அவசர சிகிச்சைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். காற்று எடுக்கச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டால், மின் லிஃப்ட் பம்ப் சுமார் 25 வினாடி தானே ஓடி வேலையை முடித்துவிடும்.

சக்தி ஏற்றுவது, முதலில் பி-பம்பில்

மீட்டர் இல்லாமல் ஒரு திருகையும் திருப்பாதீர்கள். டர்போவுக்கு முன்னால் புகைச் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர், பூஸ்ட் மீட்டர், எரிபொருள் அழுத்த மீட்டர் மூன்றும் வேண்டும். புகைச் சூடு 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் அலுமினியப் பிஸ்டன் தாங்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டி என்றால் சக்திக்குச் செலவழிக்கும் முன் கியர்பாக்ஸுக்குச் செலவழியுங்கள்.

பிறகு கவர்னர் ஸ்பிரிங். சுமார் 2,500 சுற்றிலேயே டீசலை அறுத்துவிடும் பழைய ஸ்பிரிங்குக்குப் பதில் 3,000 சுற்று ஸ்பிரிங் போட்டாலே வண்டி வேறாகத் தெரியும். 4,000 சுற்று ஸ்பிரிங் போடுவதானால் எஞ்சின் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். அடுத்து ஏ.எஃப்.சி. கூட்டை முன்னே நகர்த்துவது, அதன் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்புவது, ராக் போகும் எல்லையை வைத்திருக்கும் தகட்டை மாற்றுவது. எல்லாம் சாதாரணக் கைக்கருவியால் ஆகிற காரியம். ஆனால் கவர்னர் பக்கம் எதைக் கழற்றி மாட்டினாலும், ராக் தடையில்லாமல் திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ராக் முழுத் திறப்பில் சிக்கினால் எஞ்சின் தறிகெட்டு ஓடும். காற்று போகும் வாயை அடைக்க ஒரு தடித்த பலகையை முதல் ஸ்டார்ட்டின்போது பக்கத்தில் வைத்திருங்கள். கையால் பொத்தாதீர்கள்.

கடைசியாக டைமிங். கம்பெனி வைப்பது பெரும்பாலும் 12 முதல் 14 டிகிரிக்குள். தெருவில் ஓடும் வண்டியை 16 வரை கொண்டுபோவார்கள்.

வேலை இப்படி. முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வைக் கழற்றி அங்கே டயல் கேஜை நிறுத்த வேண்டும். பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் ஏறினால் எத்தனை டிகிரி என்பதற்கு அட்டவணை உண்டு. வேண்டிய மில்லிமீட்டர் வரும்வரை எஞ்சினைக் கையால் சுற்றி நிறுத்திவிட்டு, முன் கவர் வழியாக பம்ப் கியர் நட்டைத் தளர்த்தி, புல்லரால் கியரை ஷாஃப்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அப்போது டயல் முள் நகர்ந்ததா என்று பாருங்கள். பிறகு எஞ்சினை மட்டும் முதல் சிலிண்டரின் மேல் உச்சத்துக்குக் கொண்டுவந்து கியரை மறுபடி பூட்டுவது.

இந்தக் கியருக்குச் சாவிக்கட்டை கிடையாது. கூம்பான ஷாஃப்டில் கூம்பான துளை, அந்த உரசல்தான் பிடிமானம். நான் முதன்முறை செய்தபோது இரண்டு கூம்பையும் துணியால் நன்றாகத் துடைத்தேன், அது போதும் என்று நினைத்தேன். மெல்லிய ஆயில் படலம் மிச்சம் இருந்திருக்கிறது. மூன்றாவது நாள் டிரெய்லரோடு ஏற்றத்தில் போகும்போது சத்தம் சட்டென்று மந்தமானது, இழுவை செத்தது, பின்னால் வெள்ளைப் புகை. கியர் வழுக்கி டைமிங் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து பிரேக் கிளீனர் அடித்து, புதுத் துணியால் துடைத்து, மறுபடி அடித்து, விரல் படாமல் காயவிட்டுத்தான் பூட்டுகிறேன். முதலில் லேசாக இறுக்கி, பம்ப்பின் பூட்டுப் பின்னைப் போட்டிருந்தால் உருவிவிட்டு, பிறகு 195 நியூட்டன் மீட்டருக்கு டார்க் வைக்க வேண்டும். பின் உள்ளே இருக்கும்போது முழு டார்க் கொடுத்தால் உடைந்துவிடும். எஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றி டயலை மறுபடி படியுங்கள். அதே எண் வந்தால்தான் கவரை மூட வேண்டும்.

காமன் ரெயிலில்

இங்கே ஸ்பேனருக்குப் பதில் மென்பொருள். தெளிக்கும் நேரம், திறந்திருக்கும் அளவு, ரெயில் அழுத்தம் எல்லாம் அட்டவணைகளாக ஈ.சி.எம்.முக்குள் இருக்கின்றன. நல்ல கையில் இது பி-பம்பால் கனவுகூடக் காண முடியாத வேலை: குறைந்த சுற்றில் ஒரு டைமிங், அதிக சுற்றில் இன்னொன்று. மோசமான கையில் அதே வேகத்தில் எஞ்சின் போகும். ரெயில் சென்சாரை ஏமாற்றி அழுத்தத்தை ஏற்றும் மலிவுப் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரெயிலில் இருக்கும் பாதுகாப்பு வால்வை அடைத்துவிடச் சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். பணம் இருந்தால் முதலில் 2 மைக்ரான் ஃபில்டரும் தண்ணீர் பிரிப்பானும் கூடுதலாகப் போடுங்கள். 1,600 பாரில் ஓடும் ஊசிக்கு ஒரு துகளும் ஒரு சொட்டுத் தண்ணீரும் எமன்.

சட்டம் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவதும் செயலிழக்க வைப்பதும் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். 2007 நடுவில் 6.7 லிட்டர் எஞ்சினோடு புகைவடிகட்டி வந்தது முதல் அதைக் கழற்றித் தருகிறோம் என்பவர்கள் நிறையப் பேர். கம்மின்ஸ் கம்பெனியே ராம் வண்டிகளில் வைத்திருந்த மென்பொருளுக்காக 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கலிபோர்னியாவில் 1998 மாடல் முதலான டீசல் பிக்அப்புக்குப் புகைச் சோதனை உண்டு. 1997 வரையிலான வண்டிகளுக்கு இல்லை. அங்கே 1997 பி-பம்ப் வண்டிக்கு அவ்வளவு விலை சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதை வாங்குவது

கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும், வீட்டு வாசலில் வைத்து வேலை பார்க்க வேண்டும் என்றால் 1996 முதல் 1998 முன்பாதி வரையிலான மேனுவல் கியர் 12 வால்வு. தினமும் டிரெய்லர் இழுக்க வேண்டும், குடும்பமும் ஏற வேண்டும், காலையில் சத்தம் போடாமல் கிளம்ப வேண்டும் என்றால் 2004 நடுவிலிருந்து 2007 வரையிலான 5.9 காமன் ரெயில். விபி44 வண்டி மலிவாகக் கிடைத்தால், புது லிஃப்ட் பம்ப்பும் ஓட்டுநர் கண்ணுக்கு எதிரே அழுத்த மீட்டரும் போடும் செலவைச் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள். அந்த எஞ்சினில் விபி44ஐத் தூக்கிவிட்டுப் பி-பம்ப் பூட்டுகிறவர்களும் உண்டு. பந்தய வண்டிக்கு அது சரி, முதல் வண்டிக்கு வேண்டாம்.

வாங்கிய அன்றே டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பாகத் துகள் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு பம்ப்பைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.